துண்டின் பெருமை

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் ஒரு காகிதம் உண்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதித் தருவார்கள். பெயர், வயது, என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்ற விவரம், அவ்வளவுதான். 'துண்டு' என்றுதான் அதைச் சொல்வார்கள். தோட்டச் சுகாதாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இந்தத் துண்டைத்தான் வாழ்த்த வேண்டும். கம்பனியையும் மாகாண சபையையும் கொழும்பிலுள்ள அமைச்சையும் ஒரே நூலில் கோத்து வைத்திருப்பது வேறொன்றுமில்லை, இதுதான்.

அடுத்தது தோட்டச் சுகாதாரத்தை நடத்துபவர்களின் பொறுமை. கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்காக 1872 இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு 1912 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. செலவைத் தருவது யார், வைத்தியம் பார்ப்பது யார் என்பதுதான் அன்றைக்கும் கேள்வி. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள், எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போயின. இத்தனை மாறியும் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு கீறல் விழவில்லை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு அதைப் பத்திரமாகக் கொடுத்திருக்கிறது. தாலிக்கொடியைக்கூட இவ்வளவு கவனமாகக் காத்தவர்கள் லயத்து வரிசை வீடுகளில் குறைவு.

ஒற்றுமைக்கும் குறைவில்லை. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. 2002 இல் இந்தப் பெயரைப் பெறுவதற்கு முன் அது வீடமைப்பு, சமூகநல நிதியமாக இருந்தது. முதலாளியும் தொழிலாளியும் அரசாங்கமும் ஒரே நிறுவனத்துக்குள் சேர்ந்திருப்பது உலகத்தில் எத்தனை இடத்தில் நடக்கும்? தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று தொண்ணூறுகளில் எடுத்த முடிவை யாரும் எதிர்த்துச் சண்டை பிடிக்கவில்லை. சிலவற்றைப் பொறுப்பேற்றார்கள். மீதியுள்ளவை பொறுப்பேற்கப்படும் நிலையிலேயே இருக்கின்றன. அவசரப்பட்டு யார் மனதையும் நோகடிக்கவில்லை.

சட்டத்தை மதிப்பதிலும் அப்படித்தான். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக் குடியிருப்புக்குச் சபையின் பணத்தைச் செலவிட அது வழிவிடவில்லை. 2018 இல் திருத்தும்வரை, முப்பது வருஷத்துக்கு மேல், அந்த ஒரு பிரிவு கடைப்பிடிக்கப்பட்ட விதத்தை எங்கேயும் எடுத்துச் சொல்லலாம். தோட்டத்து மக்கள் அந்தச் சபைகளுக்கு வாக்குப் போட்டார்கள். வாக்குக்கு எந்தப் பிரிவும் தடை சொல்லவில்லை. பாதை விஷயத்திலும் அதே மரியாதைதான். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் காசில்லாமல் வரும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் உண்மையிலேயே நல்ல வண்டி. பெரிய ரோடு வரைக்கும் சீராக வரும். அங்கிருந்து லயத்துக்கு ஏறும் பாதையைச் செப்பனிடுவது யார் பொறுப்பு என்ற விஷயத்தில் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைக்காத நாகரிகம் இருக்கிறது. கம்பளியில் தூளி கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து நோயாளியை இறக்கிக் கொண்டுவரும் வழக்கத்தை இந்த நாகரிகம்தான் அழியாமல் வைத்திருக்கிறது.

இத்தனை ஒற்றுமையும் கடைசியில் எங்கே வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்பென்சரியில் இருக்கும் ஐயாவின் சம்பளம் கம்பனியுடையது. அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. காயம் கட்டி, மருந்து கொடுத்து, பிறப்பு இறப்பை எழுதிவைத்து, நடுராத்திரியிலும் கதவைத் திறக்கும் அவரை நான் மனதாரப் புகழ்கிறேன். இதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல மாது சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையைச் சேர்ந்தவர். பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை ஊவா மாகாணத்துக்குரியது. பதுளைப் பெரியாஸ்பத்திரி கொழும்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. ஆக, ஒரு சீனி வருத்தத்துக்கு நான்கு பக்கத்திலிருந்தும் கவனிப்பு. அந்த நான்கு பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே வேலை செய்யும் அளவுக்கு நோயாளியின் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அவருடைய வருத்தத்தின் வரலாறு முழுவதும் அவருடைய பையில் இருக்கிறது. கிளினிக் கொப்பி மழையில் நனைந்தால் வரலாறும் நனையும்.

மாதம் ஒருமுறை கிளினிக். விடியக் கருக்கலில் கிளம்பி, நடந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மருந்தெடுத்துத் திரும்பப் பொழுது சாயும். வைத்தியம் இலவசம், இந்த நாட்டின் பெருமை அது, நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்றைக்குச் சம்பளத்துக்குப் பேர் விழாது என்பது வேறு கணக்கு, வேறு கந்தோர். இலவசத்தின் விலையைக் கொடுப்பவர் இந்த அம்மா. காசு கட்டுபவர், வைத்தியம் பார்ப்பவர், துண்டெழுதி அனுப்புபவர் என்று பிரிந்திருக்கும் எல்லாரையும் ஒருங்கிணைப்பவரும் இவரேதான். இந்த வேலைக்கு வெளிநாட்டில் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்களாம். ஊவாவில் நோயாளியே அந்த உத்தியோகத்தைப் பார்க்கிறார், தன் ஒருநாள் சம்பளத்தையும் கொடுத்து.

ஒற்றுமை இலக்கங்களிலும் உண்டு. 2016 இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32. இந்த இலக்கத்தை அமைச்சும் ஏற்றுக்கொண்டது, நிதியமும் எடுத்துச் சொன்னது, கூட்டங்களில் எல்லாரும் ஒரே குரலில் வாசித்தார்கள். இதிலும் கருத்து வேற்றுமை கிடையாது. அந்த 32 பிள்ளைகளில் ஒன்று இந்த அம்மாவின் பேரப்பிள்ளையாக இருக்கலாம். பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் அன்றைக்குப் பதுளைக்குப் போயிருப்பார்.

மறுநாள் காலையில் அவர் டிஸ்பென்சரி வாசலில் நிற்கிறார். கொப்பியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. ஐயா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார்.

"குளிச மாத்தியிருக்காங்க ஐயா. சிவப்பு இல்ல, இப்ப வெள்ள. என்னத்துக்குன்னு கேக்கல. வெளிய பெரிய வரிச."

ஐயா அதை எழுதிக்கொள்கிறார்.