போட்டாச்சு... போடலாமா?

காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்து, "அத்தான், ஒரு யோசன கேக்கணும்" என்று ஒருவர் ஆரம்பித்தால், பணம் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு, எங்கே என்பதுதான் பாக்கி. முப்பத்தோரு வருஷம் வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இந்த இலக்கணம் அத்துப்படி. "போடலாமா?" என்று கேட்பார்கள். போட்டது நேற்று ராத்திரி.

(அத்தான் என்று வந்துவிட்டதே என்று யாரும் உறவுமுறை தேட வேண்டாம். பொதுவாகத்தான் சொல்கிறேன். இந்த ரகத்தில் ஊருக்கு நாற்பது பேர் உண்டு. எனக்கு அத்தனை மைத்துனர்கள் கிடையாது.)

"எப்ப போட்ட?"

"எத அத்தான்?"

"பணத்தத்தான்."

"ராத்திரி பதினோரு மணிக்கு. அது கெடக்கட்டும், போடலாமா?"

வாங்கிய பொருள் ஒரு கிரிக்கெட் மட்டை. பழசு. விற்றவர் இங்கிலாந்தில் எங்கேயோ இருக்கிறார். ஊர் பெயர் இவர் வாயில் நுழையவில்லை. 140 பவுண்டு, நம்ம காசுக்குப் பதினையாயிரத்துக்கு மேல். "இங்கிலீஷ் வில்லோ அத்தான், எட்டு கோடு ஓடுது" என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். மகன் ஆடுவதோ அன்னவாசல் பக்கம் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். அதற்குக் காஷ்மீர் வில்லோவே தாராளம். இன்னொன்றும் சொன்னேன். எசெக்ஸ் பக்கம் வளரும் வில்லோ மரத்தைத் துண்டு போட்டு மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் அனுப்புகிறார்கள். அங்கே மட்டையாகி, அதில் ஒரு பங்கு திரும்பவும் வெள்ளைக்காரன் கடைக்கே போகிறது. நீ வாங்கியதும் மீரட் சரக்காக இருக்கலாம், ரயிலில் போனாலே வாங்கலாமே என்றேன். "அப்படியா! இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

முதலில் எப்போது சொல்வது? முதலில் என்பது இவர்கள் நாட்காட்டியிலேயே கிடையாது. அறுநூறு அடி போர் இறக்கிவிட்டுத்தான் நீரோட்டம் பார்க்க ஆள் தேடினார். திருக்கோகர்ணம் பக்கம் மனையைப் பதிவு செய்துவிட்டு, பத்திரத்தோடு வீட்டுக்கு வந்து, "வில்லங்கச் சான்று போட்டுப் பாக்கலாமா அத்தான்?" என்றார். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, "பொண்ணு எப்படி?" என்று என்னைக் கேட்டவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தெய்வம் கூட இருந்தது. தங்கமான பெண். ஐயோ பாவம், அவளிடம் யாரும் யோசனை சொல்லவில்லை.

என்னிடம் கேட்டதோடு விட்டால் அவர் அந்த ரகமே இல்லை. அன்றைக்குப் பகல் முழுக்கக் கருத்துக் கணிப்பு. போட்டாயிற்று என்பதை மட்டும் எங்கேயும் வாய்விடுவதில்லை. கேட்பவர்களும் ஏதோ ஒரு பெரிய முடிவு நம் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்குவார்கள். கீழராஜ வீதியில் செல்போன் கடைப் பையன், "வேணாம்ணே, போட்டா திரும்பாது" என்றான். சின்னப் பய, அவனுக்கு என்ன தெரியும். பி.டி. மாஸ்டர், "வீடியோ கால்ல வந்து மட்டையைக் கையில புடிச்சுக் காட்டச் சொல்லுங்க, இன்னைக்குப் பேப்பரையும் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க" என்றார். அருமையான யோசனை, அடுத்த தடவை செய்வோம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். யோசனைக்கென்று நோட்டே வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தபால்காரர், "டிராக்கிங் நம்பர் குடுத்தானா?" என்று ஒரே கேள்வியோடு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். சாயங்காலம் டீக்கடையில், அறந்தாங்கி பஸ்ஸுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், "வெள்ளைக்காரன் அப்படியெல்லாம் பண்ண மாட்டான் சார்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். ஒன்பது பேர் வேண்டாம், ஒருவர் பரவாயில்லை. இரவு போனில் வந்த முடிவு: "வெசாரிச்சிட்டேன் அத்தான். நல்லா வெவரம் தெரிஞ்சவரே சொல்லிட்டாரு, வந்துரும்னு."

இவர் ஏமாளி என்று நினைத்தால் நீங்கள்தான் ஏமாளி. ஆடியில் கீரமங்கலம், வடகாடு பக்கம் நடக்கும் மொய் விருந்தில் இவரைப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய் மொய் எழுதினாலும், நோட்டில் பெயர், இனிஷியல், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் ஏறியதை எழுதுபவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் கறிச்சோற்றுக்கு உட்காருவார். சில வருஷம் கழித்து முறை வரும்போது, போட்ட மொய் திரும்பி வந்ததா, மேலே எவ்வளவு வந்தது என்று பழைய நோட்டைப் புரட்டிச் சரிபார்ப்பார். பத்து ரூபாய் குறைந்தால் அந்த வீட்டோடு பேச்சு நின்றுவிடும். பத்திரம் இல்லை, கோர்ட் இல்லை, ஊரே சாட்சி. லட்சக்கணக்கில் புரளும் அந்தப் பணத்துக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பை நான் வங்கியில்கூடப் பார்த்ததில்லை. சொந்தமாக அம்மன் காசு அடித்துப் புழங்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ரத்தம், காசு விஷயத்தில் சும்மாவா இருக்கும்? அந்த ரத்தம்தான் ராத்திரி பதினோரு மணிக்கு, இனிஷியல் தெரியாத ஒருவனுக்கு 140 பவுண்டு மொய் எழுதியிருக்கிறது.

எப்படி எழுதினார் என்பது இன்னும் விசேஷம். வெளிநாட்டுக்கு ஒரு தடவையும் பயன்படுத்தாத கார்டு, 2020 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நாமே திறந்துவிட்டால்தான் வெளிநாட்டுக்கு வேலை செய்யும். ஒரு நிமிஷம் நின்று யோசிக்கட்டும் என்றுதான் அந்தக் கதவை வைத்தார்கள். இவர் கதவைப் பார்த்ததும் சுவரேறிக் குதித்துவிட்டார். லண்டனில் படிக்கும் ஒன்றுவிட்ட தம்பி மகனைப் பிடித்து, பேபாலில் போடச் சொல்லியிருக்கிறார். விற்றவன், "பொருள் வாங்குவதாகப் போடாதே, நண்பர்கள், குடும்பத்தார் என்ற வழியில் போடு, கட்டணம் மிச்சம்" என்றானாம். பொருளுக்கென்று போட்டிருந்தால், வராத பொருளுக்கு 180 நாளுக்குள் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். குடும்பத்தாருக்குப் போட்ட பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குடும்பத்துக்குக் கொடுத்ததை எவன் திரும்பக் கேட்பான்? (என் மனைவி கொடுத்ததை நான் கேட்டேனா?) கார்டையே திறந்து அதில் கட்டியிருந்தால், சாமான் வரவில்லை என்று வங்கியில் எழுதிக் கொடுத்து சார்ஜ்பேக் கேட்டிருக்கலாம். 2017-இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: நம் கணக்கில் வேறு எவனோ கைவைத்து, அதில் நம் தவறு இல்லாமல், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் நாமே விரும்பி அனுப்பியதற்கு அது குடை பிடிக்காது.

கவனித்தீர்களா, என் யோசனை முழுக்க 'இருக்கலாம், இருக்கலாம்' என்றே முடிகிறது. அவர் கேட்பது 'லாமா', நான் சொல்வது 'இருக்கலாம்'. நடுவில் பணம் லண்டன் வழியாகப் போய்விட்டது.

இதுவரை சிரித்துக்கொண்டு சொன்னேன். இனிமேல் சொல்வதில் சிரிப்பில்லை. போன வாரம் ஒரு காதுகுத்தில் பி.டி. மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேங்க்ல இருந்தவரு, நீங்க தெரியாத்தனமா யோசன சொல்லலாமா சார்? பாவம், உங்க பேச்சக் கேட்டுல்ல பணத்தப் போட்டுட்டாரு" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்களுக்கு வேண்டியது யோசனை இல்லை, பங்காளி. மட்டை வந்தால் அது இவர் சாமர்த்தியம். வராவிட்டால் "அத்தான்கிட்ட கேட்டேனே". போட்ட நேரம் பதினோரு மணி, கேட்ட நேரம் ஐந்தே முக்கால் என்பதை யாரும் பார்ப்பதில்லை. பணம் போனது அவருக்கு, பேர் போனது எனக்கு. என் பேருக்கு எந்த ஆப்பில் முறையிடுவது?

மனைவியிடம் சொன்னேன். "வெள்ளந்தி, பிள்ளைக்காகத்தான பண்ணான்" என்றாள். அதுவும் நிஜம்தான். அவருக்கென்று ஒரு நல்ல செருப்பு வாங்கி நான் பார்த்ததில்லை.

நேற்றுக் காலை மறுபடி போன். ஐந்தே முக்கால்.

"அத்தான், மட்ட டெல்லி வந்துருச்சு! கஸ்டம்ஸ் ஆபீசர் பேசுனாரு. பதினெட்டாயிரம் கட்டுனா விட்டுருவாங்களாம். ஜிபே நம்பர் அனுப்பியிருக்காரு. போடலாமா?"

"எப்ப போட்ட?"

"இன்னும் போடல."

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் முதல் தடவை. கண்ணே கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எழுந்து உட்கார்ந்து, பொறுமையாக, பாசமாக விளக்கினேன். கஸ்டம்ஸ்காரர் யாரும் தன் சொந்த நம்பருக்குப் பணம் கேட்க மாட்டார். அவர்கள் அனுப்பும் கடிதத்தில் 2019-லிருந்து டின் என்று ஒரு எண் இருக்கும், அதை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். இது அதே மட்டைக்காரனின் கூட்டாளி. உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டு, போன பணத்தையும் சேர்த்துப் புகார் சொல். எல்லாவற்றுக்கும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார்.

"போடறதுக்கு முன்னாடி கேக்கணும்னு ஒனக்குத் தோணுச்சே, அதே போதும்டா" என்றேன்.

"இல்ல அத்தான், அரை மணி நேரமா சர்வர் டவுன். சும்மாதான உக்காந்திருக்கோம், அதுக்குள்ள ஒங்களக் கேட்டு வைப்போம்னு..."

"அப்ப போட மாட்டேல்ல?"

"இருங்க அத்தான், வந்துருச்சு."