இரண்டு பூட்டு

எல்லாம் அல்லாஹ் எழுதியபடிதான் நடக்கும் என்கிறீர்களே பாய், பிறகு உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஏன் இரண்டு பூட்டு?
– செம்பனைத் தோட்டத்து வாசகர், ஈஜோக்

அல்லாஹ் மேல் சந்தேகமே இல்லை அண்ணே. பூட்டு, அவன் திருடனுக்கும் கொடுத்திருக்கிற சுய விருப்பத்துக்காக! ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் (இறைவன் மேல் முழு நம்பிக்கை) வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டச் சொன்னவர் நபிகள் நாயகம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஜும்ஆத் தொழுகையையே நிறுத்தினார்களே, அது விதிக்குப் பயந்து ஓடியதுதானே?
– வாசகி, தஞ்சோங் காராங்

சிரியாவில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுப் பாதி வழியில் திரும்பிய கலீஃபா உமரைத் தளபதி அபூ உபைதா இப்படித்தான் மடக்கினார். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறேன் என்றார் உமர். அதோடு விடவில்லை: ஒரு பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் பசும்புல், மறுபக்கம் வறண்ட தரை, ஒட்டகத்தை எங்கே மேய்ப்பாய்? எங்கே மேய்த்தாலும் அவன் விதிதான். கேட்ட அபூ உபைதா பின்னர் அதே நோயில் இறந்தார்.

பிறை எப்போது தெரியும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. புக்கிட் மெலாவதி குன்றில் ஏறித் தொலைநோக்கி வைப்பானேன்?
– வாசகர், கோல சிலாங்கூர்

பிறை கணக்குப்படி வரும். மேகம் யாரைக் கேட்டு வருகிறது? ஏறுவது மட்டும் நம் கையில். அங்குள்ள குரங்குகளுக்கு அந்தக் குழப்பமும் இல்லை, கச்சான் கொண்டுவருபவர்தான் அவற்றுக்குப் பிறை.