தீர்மானம் சார்

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தோன்றி, இன்று மெப்ஸ் என்ற செல்லப் பெயரால் வழங்கும் ஏற்றுமதி வளாகத்துக்குள், கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் மடிக்கணினிப் பையுமாகக் காலையில் பிரவேசிக்கும் ஜனசமூகத்தில் 'தீர்மானம் சார்' என்ற பிரகிருதியைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் வேலையை முடிக்க வருகிறார்கள். இவரோ, போன வருஷம் முடிந்த வேலை ஏன் அப்படி முடிந்தது என்று எழுதிவைக்க வருகிறார். விசிட்டிங் கார்டில் அவருடைய உத்தியோகம் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்.

அவருடைய வேதம் 2011-இல் பிறந்தது. மென்பொருள் அமைப்பில் எடுக்கும் முக்கியமான முடிவு ஒவ்வொன்றையும் தலைப்பு, நிலை, சூழல், தீர்மானம், விளைவுகள் என்ற ஐந்து அங்கங்களோடு ஓரிரு பக்கத்தில் இலக்கமிட்டு எழுத வேண்டும் என்றும், பின்னால் முடிவு மாறினாலும் பழைய குறிப்பை அழிக்காமல், மாறிவிட்டது என்று மட்டும் குறிக்க வேண்டும் என்றும் மைக்கேல் நைகார்ட் என்ற அமெரிக்கர் அவ்வருஷம் ஒரு கட்டுரை எழுதினார். 'முக்கியமான' என்ற விசேஷணம் மட்டும் நம்மவர் கண்ணில் படவில்லை.

"சார், இந்த ஃபேக்ஸ் பட்டனை எடுத்துடலாமா? யாரும் தொடுறதே இல்ல" என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

"எடுக்கலாம்மா. யார் வெச்சாங்க, ஏன் வெச்சாங்கன்னு பாக்க வேணாமா?"

"வெச்சவர் வேலையை விட்டே பத்து வருஷம் ஆச்சாம் சார்."

"அப்போ அதையும் 'சூழல்'ல எழுதணும்."

எழுதினார். மூன்று கூட்டங்கள் கூடின. முடிவில் பட்டனை எடுக்கவில்லை, மறைத்தார்கள். மறைத்ததை வேண்டியபோது மீட்பதற்காக செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாக முளைத்தது. 'விளைவுகள்' என்ற இடத்தில், "திரை எளிமையாயிற்று" என்று எழுதிக் கையொப்பமும் இட்டார்.

அவர் எழுதுவதில் பொய் கிடையாது. ஆனால் மெய்யும் பூரணமாக இராது. மேலதிகாரியின் மைத்துனர் சிபாரிசு செய்த காரணத்தால் ஒரு டேட்டாபேஸை வாங்கினோம் என்று எந்த ஆர்க்கிடெக்டும் இதுவரை எழுதியதில்லை. அதற்கு "எதிர்கால விஸ்தரிப்பை முன்னிட்டு" என்று பெயர்.

இத்தகையவரைப் பரிகசித்துவிட்டுப் போவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை, முடிச்சூரில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கதி நடந்திராவிட்டால். அங்கே மோட்டார் ரூம் வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. போகிற வருகிற பிளம்பர்கள் எல்லாம் தடுக்கி விழுந்து சபித்த சுவர் அது. வீண் அலங்காரம், இடித்துவிடலாம் என்று புதிதாகக் குடிவந்தோர் ஏகமனதாகக் கூறியபோது, தீர்மானம் சார் மட்டும் தம் ஃபைலைப் பிரித்தார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததும், தண்ணீர் புகுந்து மோட்டார் போனதும், வெள்ளம் வடிந்தபின் அச்சுவர் எழும்பியதும் அதில் தேதி வாரியாக இருந்தன. 'சூழல்' என்ற தலைப்பின் கீழ் அவர் எழுதியவற்றில் கலப்படமற்ற உண்மை அது ஒன்றே என்பது என் அபிப்பிராயம். இடிக்க வந்த மேஸ்திரி டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

சுவர் நின்றது, பிளம்பர்களின் சாபமும் நின்றபாடில்லை. ஆகவே படி கட்டுவதா, சாய்தளம் அமைப்பதா என்று ஆராய்ந்து, இரண்டின் சாதக பாதகங்களையும் சாங்கோபாங்கமாக விவரித்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு குறிப்பைச் சமர்ப்பித்தார். இதற்கிடையில் வாட்ச்மேன், தம் சைக்கிளை மழைக்கு உள்ளே ஏற்றும் பொருட்டு, பழைய கட்டில் பலகை ஒன்றைச் சுவரின்மேல் சாய்த்துவிட்டார். பிளம்பர்களும் இப்போது அதன் வழியாகத்தான் போய் வருகிறார்கள். குறிப்பின் நிலை இன்றளவும் 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது.