வறட்சி மரபணு கண்டுபிடிக்கச் சுலப வழி

ஜவளகிரி மானாவாரிக் கொல்லையில் மழை பொய்த்தும் ராகி நிமிர்ந்து நிற்கிறது. எந்த மரபணுவின் வேலை இது? ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்திச் சொல்லிவிடலாம். உண்மை வேண்டாம், பேர் வந்தால் போதும் என்பவர்களுக்கு மட்டும் கீழ்க்கண்ட யோசனைகள்.

தண்ணீர் காணாத செடியின் இலையை மதியத்தில் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஓசூர் பஸ் ஏறுங்கள். திரவ நைட்ரஜன், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் எல்லாம் பயந்தவர்களுக்கு. கிள்ளிய இலை வழியெல்லாம் படும் பாட்டையும் வறட்சிக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். ஒப்பிட, தண்ணீர் பாய்ச்சிய செடியில் வேறொரு நாள் விடியற்காலையில் எடுங்கள். காலைக்கும் மதியத்துக்கும் தானாகவே மாறுகிற மரபணுக்கள் ஏராளம். அவையும் உங்கள் பட்டியலுக்குத்தான். ஒப்பீட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே செடி போதும். மூன்று செடியாவது எடுக்கச் சொல்கிறவர்கள் செலவு தெரியாதவர்கள்.

அடுத்தது, வரிசைப்படுத்தி வந்த ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கோத்தல். 2017லேயே பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஷைலஜா ஹித்தல்மணி குழு எம்.எல்.-365 என்ற ராகி ரகத்தின் மரபணுத்தொகுதியை வெளியிட்டு, 85,243 மரபணுக்கள் என்று கணக்கும் சொல்லிவிட்டது. அதைப் பார்க்காதீர்கள். 2011இல் வந்த டிரினிட்டி மென்பொருளிடம் வெறும் துண்டுகளைக் கொட்டுங்கள். புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று மூன்று பகுதிகள் அதற்கு. துண்டுகளை 25 எழுத்தாக நறுக்கி, 24 எழுத்து ஒத்துப்போகிற இடத்தில் ஒட்டிக்கொண்டே போகும்.

ராகியின் சிறப்பு இங்கேதான். 36 குரோமோசோம்கள், இரண்டு மூதாதைகளிடமிருந்து வந்த ஏ, பி என்ற இரு தொகுதிகள். ஆகவே பல மரபணுக்களுக்கு கிட்டத்தட்ட அச்சு அசலாக ஓர் இரட்டை உண்டு. மென்பொருள் ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு ஒட்டிவிடும். அந்தப் பிராணி எந்தச் செடியிலும் இல்லை. ‘புதிய மரபணு’ என்று பெயர் வையுங்கள். இலையில் குலைநோய்ப் பூஞ்சை இருந்தால் இன்னும் நல்லது. டிரினிட்டி எல்லாரையும் ராகி என்றே பதிவு செய்யும். கோத்த பின் லட்சக்கணக்கில் வரும் தொடர்களின் எண்ணிக்கையைத் தலைப்பிலேயே போடுங்கள். மூலத் துண்டுகளை அவற்றோடு திரும்பப் பொருத்திச் சரிபார்ப்பது நேர விரயம்.

கடைசியில் புள்ளியியல். 30,000 மரபணுக்களைச் சோதித்து பி-மதிப்பை 0.05 எல்லையில் நிறுத்தினால், எதுவுமே மாறாதபோதும் சுமார் 1,500 மாறியதாக வரும். டிசெக்2 போன்ற மென்பொருள்கள் அதைத் திருத்திக் குறைத்துவிடும் என்பதால் திருத்தாத எண்ணையே அச்சிடுங்கள். மூலத் தரவு கேட்டு யாராவது எழுதினால், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.