டீ குடித்தால் ஓடும் வண்டி

மதுரையிலிருந்து குற்றாலத்துக்கு பைக்கில் போகிறவர்கள், வண்டி நின்றே தீரும் என்றால் கிருஷ்ணன்கோவிலில் நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் உள்ள ஊர். மெக்கானிக்கல் படிக்கிற பையன்கள் டீக்கடை பெஞ்சிலேயே கிடைப்பார்கள். போதாததற்கு லாரி டிரைவர்கள், வத்திராயிருப்பு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். மனுஷன் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்க ரெண்டு பேர் வருவார்கள். பைக் நின்றால் ஊரே வரும்.

என்னுடையது கார்புரேட்டர் காலத்து 350 சிசி. கம்பெனி பெயர் வேண்டாம், அதன் மேல் குற்றமில்லை. திருமங்கலத்தில் டேங்கை வாய்வரை நிரப்பியிருந்தேன். டி.கல்லுப்பட்டி தாண்டியதும் லேசாக மிஸ்ஸிங். ஆக்சிலேட்டரைத் திருகினால் இழுக்க வேண்டிய வண்டி முக்கியது, இருமியது, கிருஷ்ணன்கோவில் வந்ததும் ஆஃப்.

“பிளக் அண்ணாச்சி” என்றார் டீ மாஸ்டர், கிளாஸ் கழுவுவதை நிறுத்தாமலே.

“லீன் மிக்சர் சார்” என்றான் ஒரு பையன்.

“எல்லாம் எத்தனால் பண்ற வேலை” என்றார் லாரி டிரைவர். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து மைலேஜ் முதல் மாமியார் கோபம்வரை அதன் தலையில்தான் விழுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். அன்றைக்கு அது நிரபராதி.

பிளக்கைக் கழற்றினோம். நுனி ஈரமே இல்லாமல் வறண்டு கிடந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோல் வந்துசேரவில்லை என்று அது தெளிவாகச் சாட்சி சொன்னது, யாரும் கேட்கவில்லை. உப்புத்தாளில் தேய்த்தோம், டீ குடித்தோம், மாட்டினோம், உதைத்தோம். ஒரே கிக்! டீ மாஸ்டர் காசு வாங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் அரசு ஆஸ்பத்திரி டீன் தெரிந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டதும் மறுபடி ஆஃப். அங்கே தீர்ப்பு, கார்புரேட்டர். பட்டறைத் தம்பி ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஊதிய நேரத்தில் நான் பால்கோவா வாங்கினேன். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. சும்மா நிற்பதற்கு அது மேல். திரும்பி வந்தால் வண்டி ஜோராக ஓடியது. ஜெட்டுக்குக் காசு கொடுத்தேன். ராஜபாளையத்துக்குள் நுழையும் முன் மூன்றாம் முறை ஆஃப்.

அங்கே ஒரு பெரியவர். எதையும் கழற்றவில்லை. டேங்க் மூடியை மட்டும் திறந்தார். “உஸ்ஸ்ஸ்” என்று உள்ளே காற்று போனது.

“டேங்குக்கு மூச்சு முட்டுது தம்பி.”

டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையால்தான் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. இறங்கிய இடத்தை நிரப்ப மேலே காற்று நுழைய வேண்டும். நுழையாவிட்டால் உள்ளே வெற்றிடம் இழுத்துப் பிடிக்கும், பெட்ரோல் சொட்டாது, கார்புரேட்டர் கிண்ணம் வறளும், வண்டி நிற்கும். டேங்க் நிறைய இருந்தால் காற்றுக்கு இடம் குறைவு, சீக்கிரமே நிற்கும். வாய்வரை நிரப்பிய புண்ணியம் அது. நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இண்டு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டியும் கிளம்பிவிடும். ஆக, அந்த நேரத்தில் யார் என்ன செய்திருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். சூடம் காட்டியிருந்தால் சூடத்துக்குப் பெயர் கிடைத்திருக்கும். நம் ஊரில் பாதி கைராசி வைத்தியர்கள் உருவாவது இப்படித்தான் என்பது என் சந்தேகம்.

பெரியவர் குனிந்து, மூடியிலிருந்து டேங்குக்கு அடியில் இறங்கும் காற்றுக் குழாயை உருவினார். நுனியில் மண் உருண்டை, சிமெண்ட் போட்டுப் பூசியதுபோல. குளவி! வண்டி மழைக்காலம் முழுக்கத் தாழ்வாரத்தில் நின்றபோது வீடு கட்டிக் குடியேறியிருக்கிறது. கம்பியால் குத்திவிட்டு, காசு வேண்டாம் என்றார். பால்கோவாவில் பாதியை அவரிடம் கொடுத்தேன். செங்கோட்டைவரை இருமல் இல்லை.

உங்கள் வண்டியும் கொஞ்ச தூரம் ஓடி நின்று, ஆறப்போட்டால் கிளம்புகிறதா? பக்கத்தில் பீடி பிடிப்பவரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். “உஸ்” சத்தம் வராவிட்டால், அப்புறம் பிளக்கைக் கழற்றலாம்.