செருப்புப் பூ... சில கேள்விகள்!

செருப்பு ஆர்க்கிட் ஜோடியாகக் கிடைக்குமா?

பூவுக்கு ஒற்றைச் செருப்புதான்; அதுவும் செருப்பு வடிவ இதழ். ஆனால் வளமான மகரந்தப்பை மட்டும் ஜோடி! பெரும்பாலான ஆர்க்கிட்களுக்கு அது ஒன்றே ஒன்றுதான்.

அந்தச் செருப்பை யார்தான் போட்டுக்கொள்வார்கள்?

போடுவார் இல்லை, விழுவார் உண்டு. வழுக்கி உள்ளே விழும் பூச்சிக்கு வந்த வழி அடைப்பு. பின்பக்கச் சந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். முதலில் சூல்முடியை உரச வேண்டும். அப்புறம் மகரந்தத்தைச் சுமக்க வேண்டும்.

விழுந்ததற்குத் தேனாவது கிடைக்குமா?

ஓட்டுப் போட்ட உங்களுக்கு என்ன கிடைத்தது? போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ராத்ஸ்சைல்ட் செருப்பு ஆர்க்கிட், அசுவினிப் பூச்சிக் கூட்டம் இருப்பதுபோல் வேஷம் போடும். தன் புழுவுக்குத் தீனி இருக்கிறது என்று நம்பி, ஒருவகை ஈ அங்கே முட்டையிடும். பொரித்து வரும் புழுவுக்குப் பட்டினிதான்.

நம்ம ஊரில் உண்டா?

பொதிகை மலையில் அகத்தியருக்குத் துணையாக ஒன்று உண்டு. மஞ்சள் பூவில் கரும்பழுப்புக் கோடு போட்ட பாஃபியோபெடிலம் ட்ரூரியை. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ஆசைப்பட்டவர்கள் அள்ளிப் போனதில் அருகிப்போய்விட்டது.

நானும் ஒன்றைப் பெயர்த்து வரலாமா?

கோயில் வாசலில் செருப்பு திருடினால் திட்டோடு போகும். இதைத் திருடினால் ஜெயில்! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை, புலியோடு இந்தச் செடிக்கும் இடம் உண்டு.