உறை வாயில் ஒரு காந்தம்

கத்திக்கு உறை வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. அந்த உறையின் வாயை எதைக்கொண்டு மூடுவது என்பதில்தான் குடும்பம் பிளந்து கிடக்கிறது. நான் வார் வைத்து டிச் பட்டன் போடும் கட்சி. என் மச்சினன் காந்தக் கட்சி. அவன் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் தைப்பவன், சவரக் கத்தியை மின்சாரத்தில் ஓடவிட்ட ஜி.டி. நாயுடுவின் ஊர்க்காரன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால், அக்காவைக் கட்டியவன்தான் சோதனை எலி.

"பட்டன் போடறதெல்லாம் அந்தக் காலமுங் மச்சா. இது கிட்டக் கொண்டுபோனாலே லபக்குனு புடிச்சுக்கும் பாருங்" என்று சொல்லி, என் மாம்பழக் கத்திக்கு ஓர் உறை தைத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரம் வந்தான். லபக்கென்று எதுவும் நடக்கவில்லை. மூடியில் ஒன்று, உடம்பில் ஒன்று என்று தோலுக்குள் வைத்துத் தைத்திருந்த இரண்டு காந்தங்களும் வடமுனைக்கு எதிரே வடமுனையாக உட்கார்ந்திருந்தன. பாகப்பிரிவினை முடிந்த பங்காளிகளைப்போல ஒன்றைக் கண்டதும் மற்றது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் அசரவில்லை. என் வரவேற்பறையிலேயே தையலைப் பிரித்து, ஒன்றைப் புரட்டிப் போட்டுத் தைத்தான்.

அதற்கப்புறம் பிடித்தது பாருங்கள், அதைக் குறை சொல்ல முடியாது. நியோடிமியமும் இரும்பும் போரானும் சேர்ந்த காந்தம் அது. 1983இல் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக அறிவித்தது. பொத்தான் அளவுதான் இருக்கும், இரண்டுக்கும் நடுவே விரல் சிக்கினால் முருகனைக் கூப்பிட வைக்கும். ஆனால் அதன் வீரமெல்லாம் நேராகப் பிடித்து இழுப்பவரிடம்தான். பக்கவாட்டில் லேசாக நகர்த்தினால் போதும், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நடுவே ஒரு தோல் படிந்தாலே பிடி பாதியாய்த் தளர்கிறது. கத்தி உறையை இடுப்பில் மாட்டியவனுக்கு எல்லா உரசலும் பக்கவாட்டில்தானே வருகிறது! டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சில்லறை எடுக்க நெளிந்தால் மூடி திறக்கிறது. டி.பி. ரோட்டில் ஸ்கூட்டரை விட்டு இறங்கினால் திறக்கிறது.

காந்த மூடியை நான் வெறுக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அதைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பழைய பெட்டிகளுக்கு வெளியிலிருந்து விழும் கொக்கித் தாழ்ப்பாள். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் வீசியெறிந்த பெட்டிக்குள் ஒளிந்து, திறக்க முடியாமல் மூச்சுமுட்டி இறந்தார்கள். உள்ளே இருந்து திறக்க முடியாத பெட்டியை விற்கக் கூடாது என்று 1956இல் அமெரிக்கா சட்டமே போட்டது. அதற்கப்புறம்தான் கதவைச் சுற்றிக் காந்த ரப்பர் பட்டை பரவலானது. உள்ளே இருக்கிற குழந்தை தள்ளினால் திறந்துகொள்ளும் என்பதே அதன் பெருமை. என் இடுப்பில் தொங்குவது குழந்தை இல்லை, கத்தி. உள்ளே இருப்பது தள்ளினால் திறந்துகொள்ளும் உறையை நான் எந்த தைரியத்தில் கட்டிக்கொண்டு நடப்பது? பனையேறி தன் அரிவாள்பெட்டியோடு அத்தனை உயரம் ஏறி இறங்குகிறார். பெட்டியின் ஆழமும் அரிவாளின் கனமும் பார்த்துக்கொள்கின்றன. அதில் ஜப்பானுக்கு வேலையில்லை.

இதைவிடப் பெரிய வம்பு, காந்தம் மூடியோடு நிற்பதில்லை என்பது. என் அத்தை, பாத்திரக் கடைக்குப் போகும்போது முந்தானையில் காந்தத்தை முடிந்துகொண்டு போன தலைமுறை. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நயம் எவர்சில்வர். பெரும்பாலும் சரிதான். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 ரகத்தைக் காந்தம் சீண்டாது. பிற்பாடு இன்டக்‌ஷன் அடுப்பு வந்து, அத்தை பார்த்துப் பார்த்து வாங்கிய நயங்களையெல்லாம் கீக்கீ என்று கத்தித் திருப்பி அனுப்பியது தனிச் சோகம். கத்தி விஷயத்திலும் அத்தையின் விதி தலைகீழ். 304இல் கத்தி செய்தால் கூர் நிற்காது, எப்படிக் காய்ச்சினாலும் பதம் ஏறாது. பதம் ஏறுகிற 420 போன்ற ரகங்களைக் காந்தம் விடாது. ஆகக் கத்தி எவ்வளவு நல்லதோ, அவ்வளவு ஆசையாக அது உறையின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் அலகே காந்தமாகிவிடுகிறது. அந்தக் கத்தியோடு மச்சினனின் பட்டறைக்குள் போய்வந்த நாளில், நறுக்கிய மல்கோவாத் துண்டுகளின் மேல் மிளகுத்தூள்போல ஏதோ மினுங்கியது. லேத் பொடி. எனக்கு இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் சொன்னதை யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வம்பு கத்தியோடும் நிற்கவில்லை. என் மாமனாருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். பலமான காந்தம் நெருங்கினால் அந்தக் கருவி இதயத்தின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தன்பாட்டுக்கு ஒரே வேகத்தில் துடிப்பு கொடுக்கும். காந்தம் வைத்த ஐபோனையே 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனம் சொன்னது. மச்சினன் கவலையோடு ஸ்கேலை எடுத்துவந்து எங்கள் இருவருக்கும் நடுவே அளந்தான். கல்யாணமான நாளிலிருந்து நானும் மாமனாரும் அதைவிட நெருங்கி உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

என்னிடம் தோற்றவன் அடுத்ததாக என் அம்மாவைப் பெற்ற அமுச்சியின் சுருக்குப்பையைக் குறிவைத்தான். பாக்குவெட்டியும் ஊக்கும் சில்லறையும் வாழும் பை. இழுக்க இழுக்க இறுகுகிற கயிற்றுக்குப் பதில் காந்த வாய் வைத்துக் கொடுத்தான். மறுவாரம் அமுச்சி அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் பிடிக்கிற இரும்புக் கலவை. ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் பெரும்பாலும் பிடிக்காத ரகம்.

"ஏஞ்சாமி, ஒத்த ரூவாயப் புடிச்சா வுட மாட்டீங்குது. அஞ்சும் பத்தும் கீழ வுழுந்தா ஏன்னு கேக்கறதில்ல. காசு மதிப்புத் தெரியாதத எதுக்குக் கண்ணு எம்பைக்குக் காவல் வெச்சே?"